லா பாஸ் போகலாமா என்று கேட்பவர்களுக்கு

தென் அமெரிக்காவின் பொலிவியாவிலிருந்து திரும்பிப் படங்களைப் போட்ட நாளிலிருந்து ஒரே கேள்வி. "லா பாஸ் போகலாமா? அந்தச் செலவுக்குத் தகுமா?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நகரத்துக்கென்று ஐந்து நாள், அதற்கு முன் உயரத்துக்குப் பழக மூன்று நாள் ஒதுக்க முடிந்தால் கட்டாயம் போங்கள். இரண்டே நாளில் சுற்றிவிட்டு உயுனி உப்புப் பாலைவனத்துக்கு ஓடுவதுதான் திட்டம் என்றால் போகாதீர்கள். அந்த இரண்டு நாளும் விடுதி அறையின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் பார்த்தேன். மூலையில் ஒரு விரிசல் இருந்தது, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வாதத்துக்கு வருபவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசியல் சட்டப்படி பொலிவியாவின் தலைநகரம் சுக்ரே. 1899இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதிபரும் நாடாளுமன்றமும் லா பாஸுக்கு வந்துவிட்டார்கள், உச்ச நீதிமன்றம் சுக்ரேயில் தங்கிவிட்டது. சுக்ரேக்காரர் யாரிடமாவது லா பாஸைத் தலைநகரம் என்று சொல்லிப் பாருங்கள், அன்று மாலை முழுவதும் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

இனி உயரம். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கிறது. அதாவது தொட்டபெட்டா உச்சியில் ஒரு பெருநகரம். ஈக்வடாரின் கீட்டோ அதைவிடச் சற்று மேலே, 2,850 மீட்டர். லா பாஸின் மையப் பகுதியோ சுமார் 3,640 மீட்டர், லடாக்கின் லே நகரத்தையும் தாண்டிய உயரம். விமான நிலையம் அதற்கும் மேலே எல் ஆல்ட்டோவில் 4,061 மீட்டரில் இருக்கிறது. ஊருக்குப் போக அங்கிருந்து கீழே இறங்க வேண்டும்!

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் இங்கே இருப்பதுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அவகாசம் கேட்கும்.

நாங்கள் அந்த அவகாசத்தைத் தரவில்லை. சாந்தா குரூஸ் நகரம் 416 மீட்டரில் இருக்கிறது. அங்கே விமானம் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 4,061 மீட்டரில் இறங்கினோம். பயணத்தை ஏற்பாடு செய்தவர் "கோக்கா தேநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவன் என்ற திமிர் எனக்கு. மாடிப்படி ஏறவே சலித்துக்கொள்கிற என் மனைவியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அவள் முதல் நாள் மாலையே கடைவீதிக்குப் போய் அல்பாக்கா கம்பளிச் சால்வை பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் கிடந்தேன். தலைக்குள் யாரோ உட்கார்ந்து அம்மி கொத்துவது போன்ற வலி. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். உடல் வலுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். ஓட்டப்பந்தய வீரரையும் வீழ்த்தும், வெற்றிலை இடிக்கிற பாட்டியை விட்டுவிடும். ஊர்க்காரர்கள் இதை 'சொரோச்சே' என்கிறார்கள், நாம் சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போல, அலட்டிக்கொள்ளாமல்.

பகலைவிட இரவுதான் மோசம். தூக்கத்தில் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, சில விநாடி நின்றே போய், பிறகு திடுக்கிட்டு இழுக்கும். உயரமான இடங்களில் பலருக்கும் வருவதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவள் விடியும்வரை என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் என்னிடம் பேசவில்லை.

ஆகவே என் புத்திமதி: சாந்தா குரூஸிலிருந்து நேரே போகாதீர்கள். 2,560 மீட்டரில் இருக்கும் கொச்சபாம்பாவிலோ 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயிலோ மூன்று இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல் உறுத்தும், அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வைக்கும், சோடாவை வெறும் தண்ணீர் போல ஆக்கிவிடும். அவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். கோக்கா தேநீர் இதமாக இருக்கிறது, நானும் குடம் குடமாகக் குடித்தேன், ஆனால் அதை மருந்தாக நம்பி ஏறாதீர்கள். பொலிவியாவில் கோக்கா இலை சட்டத்துக்கு உட்பட்ட பொருள். இலை மெல்லும் உரிமைக்காகவே ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையிலிருந்து விலகி, 2013இல் இலை மெல்வதற்கு மட்டும் விதிவிலக்கோடு மறுபடி சேர்ந்த நாடு அது. அதற்காக நான்கு பொட்டலம் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது குற்றம். கப்பலில் வேலை பார்க்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: ஒரு கோப்பைத் தேநீர்கூட சிறுநீர்ப் பரிசோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு அவஸ்தைக்குப் பிறகும் போகலாம் என்கிறேனே, ஏன்?

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். நான்காம் நாள் கம்பிவட வண்டியில் ஏறினேன். அத்தோடு அந்த ஊர் மீதிருந்த கோபம் போய்விட்டது. மி தெலெஃபெரிகோ என்று பெயர். 2014இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கொடியின் மூன்று நிறங்களில் மூன்று தடங்களோடு தொடங்கியது. இப்போது பத்துத் தடங்கள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய வேடிக்கை அல்ல அது. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் முதுகில் மூட்டை கட்டிய பெண்களும் ஏறுகிற நகரப் போக்குவரத்து. நான் போனபோது ஒரு தடத்துக்கு மூன்று பொலிவியானோதான் டிக்கெட். சிவப்புத் தடம் பொது மயானத்தின் மேலே போகிறது. இறந்தவர்களுக்கான அடுக்குமாடி வீடுகள் போல வரிசை வரிசையாக மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் சின்னக் கண்ணாடிக் கதவு, உள்ளே பூ. எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி மயானம் வந்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, கடந்ததும் செல்பேசியில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அந்த வண்டியில் போகும்போதுதான் ஊரின் தலைகீழ்க் கணக்கு புரியும். மலை நகரங்களில் வசதியானவர்கள் காட்சிக்காக மேலே வீடு கட்டிப் பார்த்திருக்கிறோம். லா பாஸில் பணம் இருந்தால் கீழே இறங்குவார்கள். தெற்குப் பகுதியான சோனா சூர் மையத்தைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. குளிர் குறைவு, காற்று கொஞ்சம் அடர்த்தி, மதில் சுவர்கள் உயரம். கிராமங்களிலிருந்து வந்த ஐமாரா பழங்குடி மக்கள் 4,000 மீட்டருக்கு மேல் பீடபூமியில் எல் ஆல்ட்டோவைக் கட்டிக்கொண்டார்கள். சுவாசிக்கிற காற்றுக்கும் சாதி, வர்க்கம் உண்டு என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் எல் ஆல்ட்டோவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கொத்தனாராக இருந்து கட்டடக் கலைஞரான ஃபிரெடி மாமானி அங்கே எழுப்பிய மாளிகைகளைப் பாருங்கள். திருவிழாத் தேர் போல வண்ணம், கீழே கடை, நடுவில் விருந்து மண்டபம், உச்சியில் முதலாளியின் வீடு. நாசூக்கானவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குப் பிடித்திருந்தது. வியாழனும் ஞாயிறும் அங்கே கூடும் சந்தையில் காலணியிலிருந்து கார் எஞ்சின்வரை கிடைக்கிறது. மடிப்புப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த அறுபது வயதுப் பெண்கள் மூட்டையோடு என்னை விறுவிறுவென்று தாண்டிப் போனார்கள். நான் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க்காரர்களுக்கு அந்த உயரம் ஒரு பெருமையும்கூட. 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் பந்தயங்கள் கூடாது என்று 2007இல் ஃபிஃபா தடை போட்டபோது நாடே கொதித்தது. தடையை எதிர்த்து லா பாஸில் வந்து காட்சிப் பந்தயம் ஆடியவர்களில் மரடோனாவும் ஒருவர். தடை நீங்கியது. 2009 ஏப்ரல் 1 அன்று அதே மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா, மெஸ்ஸியும் ஆட, அதே ஊரில் 6-1 என்று தோற்றது. டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் இதை என்னிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினார், ஆறு முறை.

சாப்பாடு: சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். வேகவைத்த சோளம், உருளைக்கிழங்கு, பெரிய அவரைக்கொட்டை, பொரித்த பாலாடைக்கட்டி ஆகியவற்றைச் சேர்த்து 'பிளாத்தோ பசேன்யோ' என்று ஒரு தட்டு தருவார்கள். கூடவே தக்காளியும் லொக்கோத்தோ மிளகாயும் அரைத்த யாஹ்வா. அதை அரைக்கும் பதான் கல்லைப் பார்த்ததும் என் மனைவி அம்மி என்று கூவிவிட்டாள். உறைபனியில் போட்டு மிதித்துக் காயவைத்த சுன்யோ கிழங்கு மட்டும் எனக்கு இறங்கவில்லை. ஈரமான பழைய நோட்டுப் புத்தகம் போல ஒரு வாசம். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நம் தேநீர் அங்கே சாறு இறங்காது. அதைச் சொல்லிப் புலம்பிப் பயனில்லை.

குறைகளில் உயரத்துக்கு அடுத்தது சாலை மறியல். அங்கே எந்தக் கோரிக்கைக்கும் முதலில் மறிப்பது சாலையைத்தான். நாங்கள் தியாவனாக்கு இடிபாடுகளுக்குக் கிளம்பிய நாளில் வழி அடைபட்டது, ஒரு நாள் போயிற்று. 2024 ஜூன் மாதம் லா பாஸின் முரியோ சதுக்கத்தில் ராணுவக் கவச வாகனம் அரசு மாளிகைக் கதவை இடித்ததும், சில மணி நேரத்தில் அந்தக் கலகம் அடங்கியதும் நினைவிருக்கும். அதே சதுக்கத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை 2014இல் இடப்பக்கமாகச் சுற்றும்படி மாற்றினார்கள், தென் திசையின் கடிகாரமாம். புறாக்களுக்குத் தீனி போட்டபடி அதில் மணி பார்க்க முயன்று இருவரும் தோற்றோம்.

'மரணச் சாலை' என்ற மலைப் பாதையில் சைக்கிள் பயணம் பற்றிக் கேட்காதீர்கள், நான் போகவில்லை, போகவும் மாட்டேன். சகால்தாயாவுக்குப் போனேன். 5,300 மீட்டருக்கு மேல் பனிச்சறுக்கு ஆடிய மலை அது. பனியாறு 2009இல் முழுவதும் கரைந்துபோய், இப்போது வெறும் கல்லும் ஒரு காலி விடுதியும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் மருத்துவர் சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். என் அம்மாவை நான் அழைத்துப் போக மாட்டேன், அவருக்கு கீட்டோ போதும். இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. குறைந்தது பத்து நாள் முன்பே போட்டு, மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு வையுங்கள். அது இல்லாமல் பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது.

திரும்பும் நாளில் எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கினேன். பாதி குடித்து, இறுக மூடிப் பைக்குள் போட்டேன். சாந்தா குரூஸில் இறங்கி எடுத்துப் பார்த்தால், யாரோ கையால் நசுக்கிய மாதிரி ஒட்டிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்துக்கொண்டு பழையபடி நிமிர்ந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.