வரிசையில் நிற்பவளின் நகத்தைப் பார்க்கிறவர்களுக்கு

அந்தக் காணொளியை நான் இங்கே போடப் போவதில்லை. பார்க்காத ஆளும் இருக்க மாட்டீர்கள். வங்கி வாசலில், இலங்கை அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கிற அஸ்வெசும காசு எடுக்க நின்ற பெண்களை, வீதிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தம்பி எடுத்திருக்கிறார். ஒருத்தியின் கையில் இருந்த போன். பக்கத்தில் நின்றவளின் நகப்பூச்சு. வாசலில் நின்ற ஸ்கூட்டி. மூன்றையும் கிட்டக் கொண்டுவந்து காட்டிவிட்டு, "இவையள்தான் எங்கட ஊர் ஏழையள்" என்று எழுதியும் விட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறி. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நட்பு வட்டம். எனக்குக் கணக்குப் படிப்பித்த சேரும் சிரித்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டை வங்குரோத்து ஆக்கியது அந்தப் பெண் கிடையாது. இதையேதான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். அலுத்தால் கடந்து போங்கள்.

2019 கடைசியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கி அரசாங்கத்தின் வருமானத்தை வெட்டியது யார்? 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தி வயலெல்லாம் மஞ்சளித்துப் போன பிறகு, நவம்பரில் தடையை எடுத்தது யார்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது யார்? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தின வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு அந்த வருடம் கிட்டத்தட்ட இருநூறு. யாருடைய நாட்கூலி அப்படி ஏறியது? 400 கிராம் பால்மா பைக்கற் மார்ச் மாதமே 790 ரூபாய். மண்ணெண்ணெய் ஓகஸ்ட்டில் ஒரேயடியாக 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். கடற்றொழிலுக்குப் போகிற சனத்தைக் கேளுங்கள், வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு இருந்த கதையைச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பு யார் என்று நான் ஊகத்தில் கதைக்கவில்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் சொன்னது. ராஜபக்ச சகோதரர்களான கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த கப்ரால், லக்ஷ்மன் என்று பெயர் சொல்லி, பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்ப்பு எழுதினார்கள். வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுக் காசு கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நானும் அந்தத் தீர்ப்பைப் பற்றி இங்கே எழுதினேன். இப்போது சிரித்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த மனிதர்களின் மணிக்கூட்டையோ சப்பாத்தையோ யாரும் கிட்டக் கொண்டுவந்து காட்டவும் இல்லை. நகப்பூச்சுப் போட்டவள்தான் கண்ணில் பட்டிருக்கிறாள்.

சரி, அந்தப் போனுக்கு வருவோம். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் சூமுக்குப் போனபோது, போன் இல்லாத பிள்ளையின் தாய்க்கு "பிள்ளையின்ர படிப்பில அக்கறை இல்லை" என்று பெயர். தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்துப் போன் வாங்கின தாய்மாரை எனக்குத் தெரியும். பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது. அதற்கும் போன் வேண்டும். வாங்கு வாங்கு என்று எல்லாரும் சேர்ந்து வாங்க வைத்துவிட்டு, இப்போது அதையே சாட்சியாக நீட்டுகிறோம். அந்த ஸ்கூட்டி யாருடையது என்று எடுத்தவருக்கே தெரியாது. வங்கிக்கு வந்த வேறு யாருடையதாகவும் இருக்கலாம். நகப்பூச்சா? ஏழைப்பட்டவள் விரலில் நிறம் பூசக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவள் அழுக்குச் சட்டையோடு, தலை வாராமல் வந்து நின்றால்தான் உங்களுக்குத் திருப்தியா?

இனி நீங்கள் சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். "அக்கா, உண்மையிலேயே வசதியானவையும் எடுக்கினம்." எடுக்கிறார்கள். நானும் கண்டிருக்கிறேன். மாடி வீடு, வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகள், இருந்தும் பட்டியலில் பெயர். அதற்கு முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது, செய்யுங்கள். வரிசையில் நிற்கிற எல்லாரையும் வீடியோ எடுக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

"எங்கட வரிக்காசு." இதைத்தான் என்னால் தாங்க முடியாது. வற் இப்போது 18 வீதம். அவள் வாங்குகிற சவர்க்காரத்தில் அது இருக்கிறது, பிள்ளைக்கு வாங்குகிற பிஸ்கட்டில் இருக்கிறது, நீங்கள் சிரிக்கிற அந்த நகப்பூச்சுப் போத்தலிலும் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் வருமான வரி வெட்டுகிறார்கள் என்றால் அது உங்களுக்குத் துண்டில் தெரிகிறது. அவள் கட்டுவது துண்டில் தெரியாது. கையில் வருகிற காசு முழுவதையும் கடைக்குக் கொடுக்கிறவள் தன் வருமானத்தில் எவ்வளவு பங்கை வரியாகக் கட்டுகிறாள் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். சேர், நீங்கள்தான் வீதம் படிப்பித்தீர்கள்.

"சும்மா குடுத்தால் சனம் சோம்பேறி ஆகும்." அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கினபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய். வறிய குடும்பத்துக்கு 8,500. அதுக்குக் கீழே 5,000, 2,500. இந்த 8,500 ரூபாயில் நாலு பேர் உள்ள வீடு படுத்துக்கொண்டு சாப்பிடலாம் என்று நம்புகிறவர் கடைசியாக எப்போது சந்தைக்குப் போனார்? அந்தக் காசு எடுக்கிறவர்களில் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு முதுகு வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் இரண்டு வீட்டில் சமைத்துவிட்டுப் பின்னேரம் பெட்டி பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்தும் போதாததால்தான் அந்த வரிசை.

என் அம்மாவும் அப்படியொரு வரிசையில் நின்றவர். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சி கடந்து வன்னிக்குப் போனோம். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு சாக்கு. அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. நிவாரண அட்டை கிடைத்த பிறகுதான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வாசலில் அம்மா விடியவே போய் நிற்பார். மங்கல் நிறத்தில் ஒரு அட்டை. அரிசி, மா, பருப்பு, சீனி என்று மனேச்சர் நீலப் பேனையால் கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுப்பார். அட்டை வியர்வையில் நனையக்கூடாது என்று அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பார். வீட்டில் கட்டின சேலைகளில் நல்லதைத்தான் அன்றைக்கு உடுத்துவார். கழுத்தில் தாலிக்கொடி. அதை அப்போது ஒருவரும் போட்டோ எடுத்து, "கொடி போட்டவளுக்கு என்னத்துக்கு மா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அடுத்த கிழமை அந்த வரிசைக்குப் போயிருக்க மாட்டார் என்பது எனக்கு நிச்சயம். நாங்கள் என்ன தின்றிருப்போம்?

எங்கள் ஊரில் இன்றைக்கு நாற்பது தாண்டின எந்தத் தலையை எடுத்தாலும் நிவாரண அரிசியில் வளர்ந்த உடம்புதான். டொக்டர், இன்ஜினியர், லண்டனில் கடை வைத்திருக்கிறவர் எல்லாரும். அந்த வாயால்தான் இப்போது "சோம்பேறியள்" என்கிறோம்.

இந்த நாட்டில் சோற்றுக்கு உதவி கேட்பது எப்போதும் வெட்கமாக இருந்ததில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஏற்றினதற்கு நாடே ஹர்த்தால் செய்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டுப் போனார். அப்போது எல்லார் வீட்டிலும் அரிசிக் கூப்பன் இருந்தது. இல்லாதவனுக்கு மட்டும் என்று பிரித்து 1979இல் உணவு முத்திரை வந்த பிறகுதான், "முத்திரைக்காரர்" என்று ஒரு சாதி போல ஆட்களைத் தனியே பார்க்கப் பழகினோம். பிறகு ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. பெயர் மாற மாற, நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை கூர்மையாகிக்கொண்டே வருகிறது.

இந்தமுறை அதற்குப் படிவமும் வைத்திருக்கிறார்கள். பட்டியலை ஒட்டி, விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், அடுத்தவர் பெயரில் ஆட்சேபனையும் கொடுக்கலாம் என்றார்கள். பெட்டிசம் போடுவதில் எங்கட சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேலித் தகராறு, கோயில் நிர்வாகச் சண்டை, காதல் கலியாணம் என்று பழைய கோபம் எல்லாம் ஆட்சேபனைப் படிவத்தில் ஏறியது. எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஒரு அக்காவின் காசு நின்றது. அவர் வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். நிற்கிறதுதான். செத்துப்போன மனுசனின் சைக்கிள், வாழைக்குப் பக்கத்தில் இரண்டு ரயரும் காற்றுப் போய் சாய்ந்து கிடக்கிறது. விற்கலாமென்றால் அதன் பதிவுப் புத்தகம் இன்னும் அக்காவின் பெயருக்கு மாறவில்லை. வறுமையை 22 குறிகாட்டி வைத்து அளந்தவர்களின் தாளில் அது ஒரு வாகனம். அந்த அக்கா பிரதேச செயலகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து களைத்து, இப்போது "விடு பிள்ளை" என்கிறார்.

"நீ சமுர்த்தி ஆக்களுக்குச் சொந்தமோ" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். இல்லை. எனக்கு எந்தக் காசும் வருவதில்லை. வந்தால் வெட்கப்படவும் மாட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2022இல் இந்த நாடே கைநீட்டி நின்றது. இந்தியா அந்த வருடம் கிட்டத்தட்ட 400 கோடி டொலருக்கு உதவியது. தமிழ்நாடு 40,000 தொன் அரிசி தருவதாகச் சட்டசபையில் தீர்மானம் எடுத்து, மே மாதம் முதல் கப்பலையும் அனுப்பியது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டாம், எல்லாச் சனத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டவர்கள் எங்கள் தலைவர்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டபோது கொழும்பில் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். நாடு கடன் வாங்கினால் வெடி, ஒருத்தி தன் பிள்ளைக்குச் சோறு போட அஸ்வெசும காசு வாங்கினால் வீடியோ. இதில் எது வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

தம்பி, இதை நீயும் வாசிப்பாய். அந்தப் பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவளின் பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகின்றன. அந்தக் காணொளியை அழித்துவிடு. சேர், நீங்களும் அந்தச் சிரிப்புக் குறியை எடுத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: பட்டியலில் பெயர் விடுபட்டோ, ஆட்சேபனையால் காசு நின்றோ இருந்தால், படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். அடையாள அட்டைப் பிரதி, மின்கட்டணத் துண்டு, கிராம சேவகரிடம் எடுத்த கடிதம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். கொடுக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, வாங்கின திகதியை அதில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்குங்கள். ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் நிற்பேன், வாங்கோ.