பொஜொலே ஒயினில் வாழைப்பழ எசன்ஸா?

பிரான்சின் பொஜொலே சிவப்பு ஒயினில் வாழைப்பழ வாசனையும் ஸ்ட்ராபெர்ரி மணமும் வீசுவதால், அதில் எசன்ஸும் சர்க்கரையும் கலக்கிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒயினில் நறுமணப் பொருள் சேர்த்தால் அதை ‘பொஜொலே’ என்ற பெயரில் விற்கவே முடியாது.

மணம் பிறப்பது தொட்டியில். கமே திராட்சையை நசுக்காமல் கொத்துக்கொத்தாக நிரப்புகிறார்கள். அடியில் உள்ளவை பாரம் தாங்காமல் நசுங்கி நொதிக்க, கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிறைக்கிறது. காற்று கிடைக்காத முழுப் பழங்கள் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்குகின்றன. அப்போது உருவாகும் எத்தில் சின்னமேட் ஸ்ட்ராபெர்ரி மணம் தருகிறது. வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட்டின் வேலை. வாழைப்பழத்தில் இருக்கும் அதே சேர்மத்தை ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. சில ஈஸ்ட் வகைகள் இதைத் தாராளமாகவே சுரக்கும். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளிவரும் ‘நூவோ’ என்ற அந்த ஆண்டின் புது பொஜொலேயில் அந்த வாசனை தூக்கலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (எனக்கு அது சற்று மிகை.)

சர்க்கரை விஷயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. குளிர்ந்த ஆண்டுகளில் சாறு நொதிக்கும் முன் சர்க்கரை சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் அது ஆல்கஹாலாக மாறிவிடும். மூக்கை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: பழம் மறைந்து, புளிப்பும் இலேசான துவர்ப்பும்தான் மிஞ்சும். இனிப்பென்று நம்பவைத்தது மூக்கு.