டென்ஷன்தான் காரணமாம்!

"பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகுறாங்க, அதான் தைராய்டு வருது." அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கி இல்லை. பேசியவரை விடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கை தட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, டென்ஷன் என்றே வைத்துக்கொள்வோம். தைராய்டு மந்தமாவதற்கு முக்கியமான காரணம் ஹஷிமோட்டோ என்ற நோய். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் அதைப் பற்றி முதன்முதலாக எழுதியபோது அவர் குறிப்பிட்ட 4 நோயாளிகளும் பெண்கள். இன்றும் ஓர் ஆணுக்கு ஹஷிமோட்டோ வந்தால் 7 முதல் 10 பெண்களுக்கு வருகிறது. ஆண்களுக்குக் கடன் இல்லையா? வேலை போவதில்லையா? அவர்களுடைய டென்ஷன் எல்லாம் எந்தச் சுரப்பிக்குப் போய்ச் சேருகிறது?

இது மனசு செய்யும் வேலை இல்லை சார், நோய் எதிர்ப்பு சக்தி செய்யும் வேலை. பெண் உடம்பின் எதிர்ப்பு சக்தி பொதுவாகவே வேகமானது. ஒரே தடுப்பூசிக்கு ஆணைவிடப் பெண்ணுக்குப் பெரும்பாலும் அதிக ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், உருவாகிறது. அந்த வேகம் ஆள் தெரியாமல் சொந்தத் தைராய்டு மீதே பாய்ந்தால் அதுதான் ஹஷிமோட்டோ. ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்கு உண்டு, எக்ஸ் குரோமோசோமுக்கும் உண்டு. பெண்களான நமக்கு இருக்கும் இரண்டு எக்ஸில் ஒன்றை ஒவ்வொரு செல்லிலும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. அடக்கி வைக்கிறது. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், நோய்க்கு எளிதில் ஆளாகும் வகை ஆண் எலிகளில் அந்த எக்ஸிஸ்டை உருவாக வைத்து, நோயையும் தூண்டிவிட்டுப் பார்த்தார்கள். லூபஸ் (இதுவும் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்தான்) போன்ற நோய் அந்த எலிகளைப் பெண் எலிகளுக்கு நெருக்கமாகத் தாக்கியது. பாவம், எந்தக் குடும்பக் கவலையை நினைத்து ராத்திரி தூங்காமல் கிடந்தனவோ!

"டர்னர் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை உள்ள பெண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்தானே, அவர்களுக்கும் ஹஷிமோட்டோ அதிகம் வருகிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எக்ஸின் எண்ணிக்கை மட்டுமே முழுக்கதை இல்லை என்பதுதான் பதில். அதற்காக மிச்சக் கதை டென்ஷன் என்று ஆகிவிடாது.

"அப்போ மன அழுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லையா?" தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அதைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பங்கு வேறு, காரணம் வேறு. "பெண்ணியம் பேசாதீங்க" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்குப் படபடப்பு, அப்புறம் ஒரேயடியாக அசதி, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. "புள்ள பெத்தா எல்லாருக்கும் இப்படித்தாம்மா. மனசை லேசா வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 20 பெண்களில் ஒருவருக்குத் தைராய்டு அழற்சி வருகிறது. அப்படி ஒன்றும் அபூர்வமில்லையே, தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான ஒரு டி.எஸ்.எச். எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ரொம்ப நாள் கழித்து வேறொருவர்தான் எழுதினார், கூடவே எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. ஆன்டிபாடி பரிசோதனையும். ரெண்டுமே எகிறிக் கிடந்தது.

என் தம்பி "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்றான். முதல் நாளே ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். மனசில் ஏதாவது கவலையா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவன் மேல் கோபம் இல்லை, அவனுக்குச் செய்ததுதான் சரி. அதை எனக்கு ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன், அந்தக் கைதட்டல் கேட்க வைத்துவிட்டது.

அந்த மாதங்களில் வீட்டிலேயே எனக்கு "சோம்பேறி" என்று பெயர். குண்டாகிவிட்டாளாம், எரிந்து விழுகிறாளாம், பிள்ளையைத் தூக்கக்கூடத் தெம்பில்லையாம். ரிப்போர்ட் வந்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸாரியும் சொல்லவில்லை.

யோகா லிங்க் அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள், பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் மூன்றே மாதத்தில் சரியாகிவிடும் என்று இன்பாக்ஸில் வந்து வகுப்பெடுத்தவரை மட்டும் பிளாக் செய்துவிட்டேன்.