மண்டே ப்ளூஸ் யாருக்கு?

எங்க மாமா திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். மூன்று மெஷின், ஒரு ஓவர்லாக், காஜா எடுக்க ஒரு பையன், அலமாரி மேல் ஒரு ரேடியோ பெட்டி. காலையில் போட்டால் கடை சாத்தும்வரை பாடும். ஒரு திங்கட்கிழமை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்: “அய்யய்யோ, திரும்பவும் மண்டே வந்திருச்சு! ஆபீஸ் போகவே மனசில்லல்ல ஃப்ரெண்ட்ஸ்?” மாமா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: “இந்தப் பிள்ளை யார்ட்டடா பேசுது?”

யாரிடம் என்று எனக்குத் தெரியும். 18 முதல் 35 வயது, நகரம், மாதச் சம்பளம். விளம்பரம் பிடிக்கப் போகிறவர் கையில் இருக்கும் தாளில் இருக்கிற நேயர் அவர். ஆனால் பகல் பதினொரு மணிக்கு எங்கள் ஊரில் ரேடியோ ஓடுகிற இடங்களைப் பாருங்கள்: தையல் கடை, சலூன், இஸ்திரி வண்டி, ஒர்க்‌ஷாப், ஷேர் ஆட்டோ, அடுப்படி. ஆபீஸ்காரர் காதில் இயர்போன், அதில் அவருடைய பாட்டு. எதிர்த்த சலூனுக்குச் செவ்வாய்தான் லீவு. அவருக்குத் திங்கள் என்பது நமக்குச் சனிக்கிழமை மாதிரி. தீபாவளி நெருங்கினால் மாமாவுக்கு ஞாயிறே கிடையாது.

அப்படியென்றால் உள்ளூர்ப் பேச்சு பேசுகிறவரைப் போடலாமே என்பீர்கள். போடுகிறார்கள். நெல்லைப் பக்கம் நிலையம் என்றால் வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ஏலே’. வயசுக்கு மூத்தவரிடம் அங்கே யாரும் ‘லே’ போட்டுப் பேச மாட்டார்கள் என்பது எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை, வாசிப்பவருக்கும் தெரியவில்லை.

பேச்சு வழக்குதான் எல்லாம் என்றால் இலங்கை வானொலி இங்கே எடுபட்டே இருக்கக் கூடாது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். கூட்டம் கொழும்புப் பக்கம் திரும்பியது. 1957இல் ஆகாசவாணியே சினிமாப் பாட்டுக்கென்று விவித் பாரதி தொடங்கிய பிறகும் நம்மவர்கள் கொழும்பை விடவில்லை. பாட்டு மட்டுமா காரணம்? அங்கே இருந்த அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது... ஒருவர் தமிழும் எங்கள் தெருத் தமிழ் இல்லை. ராஜாவின் வேகத்துக்கு இன்றைய ஆர்ஜே யாரும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். எதிரே ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு மூளை இருக்கிறது என்று நினைத்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

ஆளை அறிந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சாவூரைச் சொல்லலாம். 1960களில் திருச்சி வானொலி, வேளாண் நிகழ்ச்சிகளில் ஆடுதுறை 27 ரக நெல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. விவசாயிகள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். எந்த ஆர்ஜேவுக்கு இப்படி ஒரு விருது கிடைத்திருக்கிறது?

இப்போதும் இல்லாமல் இல்லை. பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. அங்கே மைக் முன்னால் உட்காருகிறவர்களும் கடற்கரைப் பிள்ளைகள். காற்று பலமாக வீசும் என்று சொல்கிறவருக்கு, அன்றைக்குத் தன் வீட்டில் யார் கடலுக்குப் போயிருக்கிறார் என்று தெரியும். அவருடைய குரல் பண்பட்டதா, உச்சரிப்பு சுத்தமா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

தனியார் எஃப்எம்மில் வேலை பார்க்கிற பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. என்ன பேச வேண்டும் என்பதே பல நேரம் வேறு ஊரிலிருந்து வருகிறது. என் கோபம், ஆள் எடுக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல். குரலைச் சோதிக்கிறார்கள், இன்ஸ்டாவில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு சலூனில் உட்கார வைத்து, “அங்கே என்ன பேசினார்கள், வந்து சொல்” என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு பைசா செலவில்லை, டீக்காசு தவிர.

போன தீபாவளிக்கு மாமா கடையில் பென்டிரைவ்தான் ஓடியது. ராத்திரி ரெண்டு மணி, காஜாப் பையன் தூங்கித் தூங்கி விழுகிறான். “ஏதாச்சும் பேசுற மாதிரி போடுங்கண்ணே” என்றான். மாமா ரேடியோவைத் திருப்பினார். பழைய நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பு. “குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்” என்றது பெட்டி.