கொங்கு நாட்டில் ரேடியோ கேட்பவர்களை எண்ணுவது யார்?

ஈரோடு, திருப்பூர் பக்கம் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளுக்கு ரேடியோ விளம்பரம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். எஃப்.எம். ஸ்டேஷனிலிருந்து விளம்பரம் பிடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் பையில் ஒரு தாள் இருக்கும். அதில் அவருடைய ஸ்டேஷன்தான் நம்பர் ஒன். வாரத்தில் ஒரு தடவையாவது கேட்டவர்களை வைத்து ஒருவர் முதலிடம் என்பார். ஓர் ஆள் எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பதை வைத்து அடுத்தவர் முதலிடம் என்பார். இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் பைக் வைத்திருப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்து இன்னொருவர். பொய் என்று எதையும் தள்ள முடியாது. ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடை முதலாளி கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அதெல்லாஞ் செரிங்க தம்பி, பத்து செகண்டுக்கு எவ்வளவு போட்டுத் தருவீங்க?"

அவர் கேட்பது நியாயம். அந்த மேசையில் அவரால் சரிபார்க்க முடிந்த எண் விலை மட்டும்தான்.

இந்தியாவில் ரேடியோவுக்கென்று தனியாக ரேட்டிங் பார்க்கும் முறையை, டி.வி. ரேட்டிங் எடுத்துவந்த டாம் நிறுவனம் 2007-ல் ‘ராம்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என நான்கே ஊர்கள். ஊருக்கு 480 பேர் கையில் ஒரு டைரி. எந்த ஸ்டேஷனை எந்த நேரத்தில் கேட்டோம் என்று அவர்களே எழுதித் தர வேண்டும். சென்னையே அந்தப் பட்டியலில் இல்லாதபோது கோயம்புத்தூரை யார் நினைக்கப் போகிறார்கள்? நமக்கு மிச்சம் இருந்தது ஐ.ஆர்.எஸ். என்கிற வாசகர் கணக்கெடுப்பு. பத்திரிகையோடு சேர்த்து ரேடியோவையும் அதில் கேட்பார்கள். அதிலும் 2019 கடைசிக் காலாண்டுக்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. என் மேசைக்கு வரும் தாள்களில் பாதி கொரோனாவுக்கு முந்தைய ஊரைப் பற்றிப் பேசுகிறது. மீதிப் பாதி ஸ்டேஷன்காரர்களே காசு கொடுத்து எடுத்த சர்வே.

இதில் அரசுப் பணமும் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு தன் விளம்பரங்களுக்காகத் தனியார் எஃப்.எம்.களுக்குக் கொடுக்கும் அடிப்படைக் கட்டணத்தைப் பத்து நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக ஏற்றியது. ஓர் ஊர் ஸ்டேஷனுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது அந்த ஊர் மக்கள்தொகையையும் கேட்பவர் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கேட்பவர் கணக்கில் விடுபட்டால் வரும்படியிலும் விடுபட்டுப் போவோம்.

சரி, விடுபடுவது யார்? அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குள் வாருங்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. சூப்பர்வைசர் மேசைக்கு மேலே சுவரில் ஒரு ஸ்பீக்கர், கீழே ஆம்ப்ளிஃபையர். காலை எட்டரைக்குப் போட்டால் ராத்திரி வேலை முடியும்வரை ஓடும். ஸ்டேஷன் மாற்றும் உரிமை சூப்பர்வைசருக்கு மட்டும். மற்றவர்களுக்குக் கை துணியில், கண் ஊசியில். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. ஒரு புடவைக்கடை விளம்பரப் பாட்டு வந்தபோது அந்த வரிசையில் இருந்த அக்கா ஒருவர் தலையைத் தூக்காமல், தையல் பிசகாமல், கடைசி வரியைக் கூடவே பாடினார். பக்கத்து மெஷின் பெண் கடைப் பெயரைப் போட்டு முடித்து வைத்தார். விளம்பரம் போடுகிற எந்த முதலாளியும் இதற்குத்தான் பணம் கொடுக்கிறார். அந்த இரண்டு பேரும் எந்தத் தாளிலும் இல்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் சர்வேயில் அந்த அக்கா பகலில் வீட்டில் இருக்க மாட்டார். இருந்தாலும் "ரேடியோ வெச்சிருக்கீங்களா?" என்றால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார். உண்மைதான், ரேடியோ அவருடையது இல்லை, கம்பெனியுடையது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் வீட்டுப் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை. ஒரே ஸ்பீக்கரை ஐம்பது பேர் ஒன்றாகக் கேட்கும் ஊரில் ஆளுக்கொரு ரேடியோ செட்டைத் தேடினால் எப்படி அகப்படும்?

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் தறிக் குடோன்களிலும் இதே கதைதான், கூடவே இரவு ஷிஃப்ட். ராத்திரி ஒரு மணிக்குத் தறி ஓட்டுகிறவர் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். தூக்கம் வராமல் இருக்க அவருக்கு ஒரு மனிதக் குரல் வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டேஷனில் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த பாட்டுகள் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டேஷன்களின் விளம்பர விலைப்பட்டியலைப் பாருங்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று, சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது, இவை இரண்டும்தான் பிரைம் டைம், அதாவது விலை கூடிய நேரம். ஆபீசுக்குக் காரில் போய் வருகிற பெருநகரத்து ஆளை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். சாயங்காலம் பணம் கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைவீதிக்கு வருவார்கள். எந்தக் கடைக்குப் போவது என்ற பேச்சு சனிக்கிழமை மத்தியானமே மெஷின் வரிசையில் முடிந்துவிடும். விலைப்பட்டியலில் அந்த மத்தியானம் மலிவு நேரம். என் வாடிக்கையாளர்களுக்கு நான் அந்த நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கிறேன். மலிவாகக் கிடைப்பதில் எனக்கு லாபம், ஆனால் மலிவு என்பதாலேயே ஸ்டேஷன் அந்த நேரத்துக்கு நல்ல ஆளைப் போடுவதில்லை என்பது எனக்கு வேதனை.

எண்ணிக்கை இல்லாத இடத்தில் போட்டி எப்படி நடக்கும்? நிகழ்ச்சியில் நடக்காது, விலையில் நடக்கும். ஒரு ஸ்டேஷன் பத்து நொடிக்குப் பத்து ரூபாய் குறைத்தால் அடுத்தது பதினைந்து குறைக்கும். இன்னொன்று, நாற்பது ஸ்பாட் (விளம்பரத்தை நாற்பது தடவை போடுவது) எடுத்தால் நாற்பது இலவசம் என்னும். குறைத்த காசை ஈடுகட்ட ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் நாலு விளம்பரம் ஏறும். கேட்பவர் அலுத்துப்போய் வேறு ஸ்டேஷனுக்குத் திருப்புவார், அங்கேயும் அதே விளம்பரம். செலவைக் குறைக்க உள்ளூர் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வெளியூரில் தயாரானதை வாங்கி ஓட்டுவார்கள். தனியார் எஃப்.எம்.முக்கான மூன்றாம் கட்ட உரிம விதிகளில் ஒரு நிறுவனம் தன் ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியை ஓட்டிக்கொள்ள வழி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர்ப் பேச்சு பேசிய எத்தனையோ ஆர்.ஜே.க்கள் வேலை இழந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்ட அவர்களிடம் எந்த எண்ணும் இல்லை.

பாட்டுகளும் அப்படித்தான். ஆபத்தில்லாத பாட்டு எதுவோ அதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நாலு ஸ்டேஷன் இருந்தும் நாலு சுவை இல்லை.

தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் கோடை பண்பலை 100.5 ஓடும். கொடைக்கானல் மலை மேலிருந்து வரும் அகில இந்திய வானொலியின் அலைவரிசை. மலை உயரத்தால் கீழே பல மாவட்டங்களுக்கு எட்டும். ரேட்டிங் தாளோடு எவரும் அங்கிருந்து என்னிடம் வந்ததில்லை. ஆனால் போன் போட்டுப் பேசும் நேயர் ஊர் பெயர் சொல்லும்போதே கேட்கிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரிகிறது. கோயம்புத்தூர் வானொலி 1966 முதல் இருக்கிறது, வயல்காட்டு ஆள் கேட்கும் நேரம் பார்த்து விவசாய நிகழ்ச்சி போடுகிறது. அரசு வானொலிதான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் குறை நிறைய உண்டு. கேட்பவரின் நாளைத் தெரிந்துகொண்டு நிகழ்ச்சி போடுவது நம் மண்ணில் நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். (யூ.எம்.எஸ். என்று சொந்தமாக ரேடியோ பெட்டியே செய்து விற்ற ஊர் கோயம்புத்தூர். ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் ரேடியோ கேட்பவரை எண்ண ஆள் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.)

"இப்ப யாருங்க ரேடியோ கேக்கறாங்க, எல்லாம் யூடியூப்தான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. மெஷினில் உட்கார்ந்தவர் கையில் போன் வைத்திருக்க முடியாது. சில கம்பெனிகளில் சூப்பர்வைசர் தன் போனை ப்ளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போட ஆரம்பித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஸ்டேஷன்கள் பயப்பட வேண்டியது அந்த ஒருவருக்குத்தான். அவர் ஏன் மாறினார் என்று போய்க் கேட்டவர் யார்?

செய்தி சொல்லத் தனியார் எஃப்.எம்.முக்கு அனுமதி இல்லை. அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அது வரும்போது வரட்டும். இப்போதே அனுமதி உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர், மின்தடை அறிவிப்பு, வானிலை, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு. திருப்பூரில் ‘ஆட்கள் தேவை’ போர்டு இல்லாத தெரு இல்லை. டெய்லர், சிங்கர் மெஷின், கட்டிங், செக்கிங், அயர்ன், எந்தக் கம்பெனி, எங்கே, ஷிஃப்ட் எத்தனை, கூலி எவ்வளவு என்று தினம் அரை மணி நேரம் ஒரு எஃப்.எம். சொன்னால் எந்த சூப்பர்வைசரும் ஸ்டேஷனை மாற்றத் துணியமாட்டார். முதலாளியும் கேட்பார், தொழிலாளியும் கேட்பார். இதைப் பல ஸ்டேஷன்காரர்களிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் திருப்பிக் கேட்பது, "அதுக்கு எத்தனை பேர் கேப்பாங்கன்னு டேட்டா இருக்குங்களா?"

டேட்டா எடுக்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பி.பி.சி.யும் தனியார் ஸ்டேஷன்களும் சேர்ந்து 1992-ல் ராஜர் என்ற பொது அமைப்பை உண்டாக்கினார்கள். போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே கணக்கை ஒப்புக்கொள்கிறார்கள். எதைக் கேட்டீர்கள் என்பதோடு வீட்டிலா, வண்டியிலா, வேலை இடத்திலா என்றும் கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் நமக்கு வேண்டியது.

டெல்லி செய்து கொடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூர், ஈரோடு ஸ்டேஷன்கள் ஒன்று சேர்ந்து, கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளையும் திருப்பூர் பனியன் சங்கங்களையும் தறி உரிமையாளர் சங்கங்களையும் கூட்டிக்கொண்டு, வேலை இடங்களில் மட்டும் ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். பட்டறை, மில், தறிக் குடோன், பனியன் கம்பெனி, பேக்கரி, டவுன் பஸ். எந்த ஸ்டேஷன் ஓடுகிறது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் காதில் விழுகிறது, மாற்றுகிறவர் யார். நம் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்களே போய் எடுத்துவிடுவார்கள். செலவை ஸ்டேஷன்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு பண்டிகைக் கால ஹோர்டிங் காசு கூட ஆகாது.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை நாட்டில் 234 ஊர்களுக்கு 730 புது அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. கரூரும் அதில் இருக்கிறது. பஸ் பாடி கட்டுகிறவர்களும் கொசுவலைக் கம்பெனிகளும் நிறைந்த ஊர் அது. அங்கே ஸ்டேஷன் வருவதற்குள் இந்தக் கணக்கு கையில் இருந்தால், அந்த ஊர் பகலையும் இரவையும் பார்த்து நிகழ்ச்சி போட முடியும். இல்லாவிட்டால் அங்கேயும் காலை ஏழிலிருந்து பதினொன்றுதான் பிரைம் டைம்.

இதைப் படிக்கிறவர்களில் கம்பெனி வைத்திருப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் இடத்தில் எந்த ஸ்டேஷன் ஓடுகிறது, எத்தனை பேர் கேட்கிறீர்கள், யார் மாற்றுகிறார்கள், மூன்றையும் ஊர் பெயரோடு எழுதுங்கள். அடுத்த மாதம் விலை பேச வருகிறவர்கள் முன்னால் நான் வைக்கப்போகும் தாள் அதுதான்.