வாட்ஸ் கூடினால் வசனம் தெளியாது

டிவி வசனம் தெளிவாகக் கேட்க எந்த சவுண்ட்பார் (டிவி முன் வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வாங்கலாம் என்ற கேள்விக்கு, "200 வாட்ஸுக்குக் கீழே சவுண்ட்பார் வாங்காதீங்க, வசனமே கேட்காது" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தான். அதுவும் சத்தம்தான் கூடும், தெளிவு அல்ல. பெட்டியில் அச்சடிக்கும் அந்தப் பெரிய எண்ணில் பெரும்பாலும் சப்வூஃபரின் (அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர்) பங்கும் சேர்ந்திருக்கும். அது படத்தில் குண்டு வெடிக்கும் சத்தத்துக்கு உதவும், பேச்சுக்கு உதவாது.

ச, த, ப போன்ற ஒலிகளைக் காது பிரித்தறிய 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதி முக்கியம். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையையோ சுவரையோ பார்த்திருப்பதால் இந்தப் பகுதியில்தான் பேச்சு மங்குகிறது. நம்மை நேராகப் பார்க்கும் சின்ன பாரே பெரிய வித்தியாசம் காட்டும். 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) வசனம் பெரும்பாலும் நடு சேனலில் வருவதால், பட்ஜெட் இருந்தால் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் உள்ள 3.1 பார் எடுங்கள். இல்லையென்றால் குரலைத் தூக்கிக் காட்டும் வாய்ஸ் மோடு உள்ள 2.0 (இடம், வலம் மட்டும்) போதும்.

அப்புறம், எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே பாருக்கு அனுப்பும் இணைப்பு) இருக்கிறதா பாருங்கள்; டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது ரொம்ப முக்கியம். பாரை அலமாரிக்குள் தள்ளாமல் ஸ்டாண்டின் முன் விளிம்பில் வையுங்கள்.