இலங்கைக்கு வந்தால் கடற்கரையோடு நின்றுவிடாதீர்கள்

இலங்கைக்கு வந்துபோனவர்கள் போடும் படங்களைப் பார்க்கிறேன். மிரிஸ்ஸ, பெந்தோட்டை, உனவட்டுன, பாசிக்குடா, நிலாவெளி. எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காடு என்று வந்தால் யாலவில் அரைநாள் ஜீப் சவாரி, அவ்வளவுதான். சிறுத்தை கண்ணில் பட்டால் பயணம் வெற்றி, படாவிட்டால் காசு வீண். இப்படி எழுதுவதைப் படிக்கும்போது உண்மையிலேயே மனம் நோகிறது. ஒரு மரக்கிளைக்குக் கீழே வரிசையாக ஜீப்புகள், புழுதி, இன்ஜின் சத்தம், "எங்கே எங்கே" என்ற கூச்சல். அந்த மிருகத்துக்கு அது எவ்வளவு தொல்லை என்று யாராவது யோசிக்கிறோமா?

உலகில் வேறெங்கும் இல்லாத, இந்தத் தீவுக்கே உரிய உயிர்களைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கின் மழைக்காடுகளுக்குத்தான் போக வேண்டும். முதலில் சிங்கராஜா. அங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இலங்கைக்கே உரியவை. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியது. இன்று நாம் நடக்கும் முக்கியப் பாதையே அன்று மரம் இழுக்கப் போட்ட பாதைதான். ஒருகாலத்தில் லொறி ஓடிய இடத்தில் இப்போது இருபக்கமும் கிளைகள் மூடி நிற்கின்றன. காட்டை விட்டுவிட்டால் அது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தப் பாதையில் பொறுமையாக நிற்க வேண்டும். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கலகலப்பு கேட்கும். அவற்றின் பின்னால் வேறு வேறு பறவைகள், கீழே புதரில் சில, நடுக்கிளையில் சில, உச்சியில் சில, ஒரே ஊர்வலமாக நகர்ந்து போகும். பறவை ஆய்வாளர்களான பேராசிரியர் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் இந்தக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், 11 இனங்கள். கூட்டத்தோடு வரும் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கூப்பிட்டு அவற்றைத் தன்னருகே சேர்த்துக்கொள்கிறது என்பதையும் அவர்கள் சோதனை செய்து காட்டினார்கள். சேர்ந்து போகும் கூட்டம் இலைகளைக் கலைக்கக் கலைக்கப் பூச்சிகள் வெளியே வரும். பருந்து வந்தால் கூட்டத்தில் ஏதாவது ஒரு பறவை குரல் கொடுக்கும். ஒரே இடத்தில் நின்று இதைப் பார்த்தவருக்கு சிறுத்தை தெரியவில்லையே என்ற ஏக்கம் வராது.

இன்னும் குனிந்து பாருங்கள். இங்குள்ள புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே வளர்ந்து, நகத்தளவுத் தவளைக்குஞ்சாகவே வெளியே வந்துவிடும். குளம் வேண்டாம், ஓடை வேண்டாம், காற்றில் ஈரம் மட்டும் போதும். ஆனால் மரம் போனால் ஈரம் போகும், ஈரம் போனால் முட்டையும் போகும். இந்த வகைத் தவளைகளில் பல இனங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. அருங்காட்சியகத்துப் போத்தல்களில்தான் அவை மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995இல் கித்துல்கல காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட இரவில் ஒரு குரலைக் கேட்டார். எந்தப் பறவையின் குரல் என்று தெரியவில்லை. ஆளைக் கண்ணால் பார்க்க 2001 ஆகிவிட்டது. அது உலகத்துக்கே புதிய ஒரு சிறு ஆந்தை. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை. இவ்வளவு சின்னத் தீவில், இவ்வளவு பேர் திரியும் இடத்தில் அது ஒளிந்திருந்தது!

நடந்து பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமண, யால காடுகளுக்குள் கால்நடையாகத்தான் போகிறார்கள். யானை நடமாடும் காடு அது. ஜீப்பில் ஏறாமல், அரோகரா சொல்லிக்கொண்டு, வயதான அம்மாக்கள்கூட அதைக் கடக்கிறார்கள்.

வருபவர்களுக்கு என் கோரிக்கை: கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்து சிங்கராஜாவுக்குக் கொடுங்கள். காட்டின் நுழைவாயில்களில் ஒன்றான குடாவ பக்கம் ஓர் இரவு தங்கினால் காலையில் சீக்கிரமே உள்ளே போகலாம். வழிகாட்டி கட்டாயம் வேண்டும். அந்த ஊர்க்காரராகவே கேளுங்கள், ஒவ்வொரு மரத்தையும் அவர்களுக்குத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை கொஞ்சம் குறைவு. அட்டை கடிக்கும், நீண்ட காலுறை போட்டால் போதும். பறவைக் குரலை போனில் போட்டு அவற்றைக் கூப்பிடாதீர்கள், அவை தானாக வரும்வரை காத்திருங்கள்.